அநாவசியக் கேள்விகள்

மென்பொருளைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள் அதன் மூலநிரலின் அழகையும் வேகத்தையும் விஸ்தாரமாக எழுதுவார்கள். அந்த மூலநிரலைக் கணினியில் ஓடத்தக்க வஸ்துவாக ஆக்கித் தருகிற பில்ட் கோப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அபூர்வம். எழுதுவது இருக்கட்டும், அவற்றை வாசிக்கிறவர்களே அபூர்வம். ஒரு புதிய வசதியைச் செய்து முடித்த நிரலாளர், தம்முடைய கோப்பின் பெயரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று தேடிக் கண்டுபிடித்து, மேலும் கீழும் உள்ள வரிகளைப் பார்த்து அவற்றைப் போலவே தாமும் ஒரு வரி எழுதி, பிழையில்லாமல் ஓடுகிறது என்று தெரிந்ததும் திரும்பிப் பாராமல் வெளியேறிவிடுகிறார். அப்படி வந்து போனவர்கள் விட்டுச் சென்ற வரிகள் இருபது முப்பது வருஷ காலம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால், எந்த வரி எதற்காக இருக்கிறது என்று அறுதியிட்டுச் சொல்ல அந்தத் திட்டத்தில் ஒருவரும் மிஞ்சுவதில்லை.

இந்த நிலையை மாற்றவேண்டும் என்று பெரிய திறந்த மூலத் திட்டங்கள் சில, அண்மைக் காலத்தில் உறுதியோடு இறங்கியிருக்கின்றன. சிஸ்டம்டி 2017லும், மேசா 2019லும், கியூஇஎம்யூ 2020லும் தங்கள் பழைய பில்ட் முறையை விட்டு மெசான் என்ற புதிய முறைக்கு மாறின. ஆனால் நான் நெருங்கிக் கவனித்து வந்தது போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளத் திட்டத்தை. அங்கே நடந்ததைப் பார்த்தபிறகு, பில்ட் முறையை எளிமையாக்குவது என்பது புதிய கருவியைக் கொண்டுவந்து வைக்கிற காரியம் அல்ல, இனி கேட்கவேண்டாத கேள்விகளைக் கேட்காமல் விடுகிற துணிவே அதில் முக்கால் பங்கு என்ற அபிப்பிராயம் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

விஷயத்தின் பூர்வீகத்திலிருந்து தொடங்குவது நல்லது. 1976ஆம் வருஷம் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்ற நிரலை எழுதினார். அவருடைய சகா ஒருவர், பிழையைத் திருத்திய பிறகும் திருத்திய கோப்பைக் கம்பைல் செய்ய மறந்துவிட்டு, சரியாக இருந்த நிரலில் இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுது முழுவதையும் வீணாக்கினார் என்பதுதான் அதற்குக் காரணம். எந்தக் கோப்பு எதைச் சார்ந்திருக்கிறது என்று எழுதிவைத்தால், மாறியவற்றை மட்டும் திரும்பக் கம்பைல் செய்வதை இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்பது அதன் தத்துவம். அந்தத் தத்துவத்தில் இன்றைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே கோப்பில் கட்டளை வரிகள் ஒவ்வொன்றும் ‘டேப்’ எழுத்தோடு தொடங்கவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதே, அது தவறான ஏற்பாடு என்று சில வாரங்களிலேயே ஃபெல்ட்மனுக்குத் தெரிந்துவிட்டது; அதற்குள் ஏறக்குறைய பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டபடியால், அவர்களுக்குச் சிரமம் கொடுக்க மனமில்லாமல் அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்குக் காட்டிய தாட்சண்யத்தின் பலனை அரை நூற்றாண்டாக உலகம் முழுவதும் அனுபவித்து வருகிறது.

மேக் ஒரு கணினிக்குள் இருந்த பிரச்சினையைத் தீர்த்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் வேறொரு பிரச்சினை எழுந்தது: யூனிக்ஸ் என்ற பெயரில் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி அமைப்பை விற்றது, ஒன்றில் இருக்கிற செயல்கூறு மற்றொன்றில் இருக்காது, இருந்தாலும் வேறு தலைப்புக் கோப்பில் இருக்கும், அங்கேயே இருந்தாலும் அது நடந்துகொள்ளும் விதம் வேறாக இருக்கும். இந்தக் குழப்பத்துக்குப் பரிகாரமாக 1991ஆம் வருஷத்துக் கோடைகாலத்தில் டேவிட் மெக்கென்சி ‘ஆட்டோகான்ஃப்’ என்பதை உருவாக்கினார். அதன் யுக்தி மிகவும் சாமர்த்தியமானது. இந்தக் கணினி எந்தக் கம்பெனியின் சரக்கு என்று அது விசாரிப்பதில்லை. இன்ன செயல்கூறு இங்கே இருக்கிறதா என்று ஒரு சிறிய சி நிரலை எழுதி, அதைக் கம்பைல் செய்து, இணைத்துப் பார்க்கிறது. நடந்தால் ‘உண்டு’ என்றும், நடக்காவிட்டால் ‘இல்லை’ என்றும் ஒரு தலைப்புக் கோப்பில் குறித்துக்கொள்கிறது. இவ்விதமாக நூற்றுக்கணக்கான பரீட்சைகளை வரிசையாக நடத்தும் ஷெல் நிரலுக்குத்தான் ‘கன்ஃபிகர்’ என்று பெயர். லினக்ஸில் ஒரு மென்பொருளை மூலநிரலிலிருந்து நிறுவிப் பார்த்த எவரும், திரையில் ‘செக்கிங்’ என்று தொடங்கும் வரிகள் ஓடிக்கொண்டே இருப்பதைக் கண்டிருப்பார்கள்.

அந்தக் கேள்விகள் யாவும் கேட்கப்பட்ட காலத்தில் நியாயமானவை. சர்க்கார் அலுவலகத்து விண்ணப்பப் படிவத்தில், எந்தக் காலத்திலோ எந்த உத்தரவுக்காகவோ சேர்த்த ஒரு கட்டத்தை, அந்த உத்தரவு ரத்தாகிப் பல வருஷங்களான பின்பும் அச்சிட்டுக்கொண்டே வருவதையும், நாமும் அதில் ‘பொருந்தாது’ என்று எழுதிக்கொண்டே வருவதையும் போல, கன்ஃபிகர் நிரலும் செத்துப்போன கணினிகளைப் பற்றிய கேள்விகளை உயிரோடிருக்கிற கணினிகளிடம் விடாமல் கேட்டுவருகிறது. கேள்வியைச் சேர்க்கிறவருக்கு ஒரு காரணம் இருந்தது. எடுக்கிறவருக்கு அந்தக் காரணம் தெரியாது. தெரியாத ஒன்றை எடுத்து வம்பில் மாட்டிக்கொள்வானேன் என்று எல்லாரும் ஒதுங்கிப் போகிறார்கள்.

போஸ்ட்கிரெஸ்ஸில் இந்த வியாதி இரண்டு மடங்காக இருந்தது. யூனிக்ஸ் வகைகளுக்கு ஆட்டோகான்ஃபும் குனு மேக்கும்; விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் கம்பைலரை வைத்துக் கட்டுகிறவர்களுக்கோ முற்றிலும் வேறான ஓர் ஏற்பாடு, அதுவும் பெர்ல் மொழியில் எழுதப்பட்ட ஒரு கத்தை நிரல்கள். இந்தப் பெர்ல் நிரல்கள் செய்த காரியத்தைக் கேட்டால் நம்புவது கடினம்: யூனிக்ஸ்காரர்களுக்காக எழுதப்பட்ட மேக்ஃபைல்களைத் திறந்து, அவற்றின் வரிகளை ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்னும் தேடல் வாய்பாடுகளால் துழாவி, கோப்புப் பெயர்களைப் பொறுக்கி எடுத்து, அவற்றிலிருந்து விஷுவல் ஸ்டூடியோவுக்கு வேண்டிய கோப்புகளைத் தயார் செய்தன. அப்படிப் பொறுக்க முடியாதவற்றுக்கென்று தனிப் பட்டியல்கள் பெர்ல் நிரலுக்குள்ளேயே கையால் எழுதிவைக்கப்பட்டிருந்தன. இந்த ஏற்பாட்டில் கன்ஃபிகர் ஓடாதாகையால், அது கண்டுபிடிக்கும் ‘உண்டு, இல்லை’ விவரங்கள் அனைத்தையும் ஒருவர் உட்கார்ந்து கையால் நிரப்பவேண்டும். யூனிக்ஸ் பக்கத்தில் ஒரு பரீட்சை புதிதாகச் சேர்ந்தால் இங்கேயும் அதற்கு ஒரு விடை எழுதவேண்டும். லினக்ஸில் வேலை செய்கிற ஒருவர், விண்டோஸ் கணினியைத் தொட்டே பார்க்காதவர், கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெர்ல் கோப்பைத் திருத்திவிட்டு, மறுநாள் வேறு யாருடைய கணினியிலாவது அது உடைந்ததா என்று பார்த்திருக்க வேண்டிய நிலை.

யூனிக்ஸ் பக்கமும் அவ்வளவு க்ஷேமமாக இல்லை. ஆட்டோகான்ஃபுக்காக மனிதர்கள் எழுதும் கோப்பு எம்4 என்ற மேக்ரோ மொழியில் இருக்கிறது. அதிலிருந்து உற்பத்தியாகிற கன்ஃபிகர் நிரலோ பதினாயிரம் வரிகளுக்கும் அதிகம். போஸ்ட்கிரெஸ்காரர்கள் அந்த உற்பத்திப் பொருளையும் களஞ்சியத்திலேயே சேர்த்து வைத்தபடியால், எல்லாரும் ஒரே பதிப்பு ஆட்டோகான்ஃபை, அதாவது 2012ல் வந்த 2.69ஐயே, உபயோகிக்கவேண்டும் என்று கட்டுப்பாடு. இல்லாவிட்டால் ஒரு வரி மாற்றியதற்குச் சம்பந்தமில்லாத ஆயிரம் வரிகள் மாறிவிடும்.

2021ஆம் வருஷம் அக்டோபரில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயுண்ட் என்ற மூத்த நிரலாளர், இவ்விரண்டையும் விட்டு மெசானுக்குப் போகலாம் என்ற யோசனையைத் தம் சகாக்கள் முன் வைத்தார். அதை ஒட்டி நடந்த வேலைகளில் என் மனத்தைக் கவர்ந்தது மெசான் அல்ல. மெசான் உள்ளே வருவதற்கு முன்னால், 2022ஆம் வருஷத்துக் கோடையில், பழைய ஆட்டோகான்ஃப் கோப்பிலேயே நடந்த களையெடுப்புதான். கணினியில் ஐபிவி6 வசதி உண்டா, குறியீட்டு இணைப்பு உண்டா, ஓடும்போதே நூலகத்தை ஏற்றிக்கொள்ளும் ‘டிஎல்ஓபன்’ உண்டா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. ஹெச்பி-யூஎக்ஸ் என்ற பழைய யூனிக்ஸ் வகைக்கும் இட்டானியம் செயலிக்கும் அளித்துவந்த ஆதரவு நீங்கியது. விண்டோஸில் 10க்கு முந்திய பதிப்புகள் இனி வேண்டாம் என்று தீர்மானமாயிற்று. அந்த ஒரு தீர்மானத்தோடு, பழைய விண்டோஸுக்காகவே நின்றுகொண்டிருந்த பல மாற்றுவழிகள் தாமாகவே விழுந்தன.

இந்தத் துணிவுக்கு ஆதாரமாக அவர்களிடம் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. ‘பில்ட்ஃபார்ம்’ என்று அழைக்கப்படும் அந்த ஏற்பாட்டில், தன்னார்வலர்கள் பல தேசங்களிலிருந்து தங்கள் கணினிகளைக் கொடுத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் அவற்றில் கட்டிப் பரீட்சித்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பிராணியின் பெயர். ஹெச்பி-யூஎக்ஸ் 10.20 ஓடிய ஒரு மிகப் பழைய இயந்திரத்துக்கு, நம் மலைக்காடுகளில் திரிகிற காட்டெருதின் பெயராகிய ‘கௌர்’ என்பதை வைத்திருந்தார்கள். அந்த இயந்திரம் உயிரோடிருந்த வரையில் அதற்குரிய கேள்விகளுக்கும் மதிப்பு இருந்தது. எந்தப் பிராணியும் ‘இல்லை’ என்று பதில் சொல்லாத கேள்வி எதுவோ, அது அநாவசியமான கேள்வி என்று பிரமாணத்தோடு சொல்ல இந்தப் பண்ணையால் முடிந்தது. இப்படி ஒரு சாட்சி இல்லாத திட்டங்கள், நீக்குவதற்கு அஞ்சுவதில் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

கேள்விகள் குறைந்தபின் மெசான் வந்தது. பின்லாந்தைச் சேர்ந்த யூஸ்ஸி பாக்கனன் தொடங்கி 2013ல் முதலில் வெளியிட்ட இந்த முறையின் சிறப்பு, அது எதைச் செய்கிறது என்பதைவிட எதைச் செய்ய மறுக்கிறது என்பதில் இருக்கிறது. அதன் மொழியில் நாமே ஒரு செயல்கூறை வரையறுத்துக்கொள்ள முடியாது; முடிவில்லாமல் சுற்றும் சுழலை எழுத முடியாது; ‘இந்த அடைவில் உள்ள சி கோப்புகள் எல்லாம்’ என்று நட்சத்திரக் குறி போட்டு ஒரே வீச்சில் அள்ளவும் முடியாது, கோப்புகளைப் பெயர் சொல்லி எழுதித்தான் ஆகவேண்டும். பில்ட் கோப்புக்குள் கெட்டிக்காரத்தனத்துக்கு இடம் கொடுத்தால் அதை அடுத்தவர் வாசிக்கமாட்டார் என்ற அனுபவம் இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கம்பைலரை நேரே ஓட்டும் வேலையையும் மெசான் தானே செய்வதில்லை. குரோமியம் உலாவிக்காக இவான் மார்ட்டின் எழுதிய நிஞ்ஜா என்ற சிறு நிரலிடம் விட்டுவிடுகிறது. விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோ வேண்டுமென்றால் அதற்கும் அதே மூலக் கோப்பிலிருந்தே எழுதிக் கொடுக்கிறது. ஆகவே அந்தப் பெர்ல் கத்தைக்கு இனி வேலையில்லை என்றாயிற்று.

ஆனால் எளிமை என்பதை வரிகளின் எண்ணிக்கையால் அளக்கிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸின் தலைமை மெசான் கோப்பும் ஆயிரக்கணக்கான வரிகள் கொண்டதுதான். அதன் தொடக்கத்திலேயே, மிகப் புதிய மெசானைக் கேட்காமல் 0.54 போதும் என்று முதலில் வைத்திருந்ததற்குக் காரணமாக, பழைய பைத்தான் உள்ள கணினிகளையும், ரெட்ஹாட் 7க்கான துணைக் களஞ்சியத்தில் கிடைத்த பதிப்பையும் உத்தேசித்து ஒரு விளக்கக் குறிப்பு எழுதியிருந்தார்கள். பழைய கணினிகளுக்குச் சலுகை கொடுப்பது புதிய முறையிலும் நிற்கவில்லை. வித்தியாசம் என்னவென்றால், சலுகையின் காரணம் சலுகையின் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பத்து வருஷம் கழித்து வருகிற ஒருவர் அதை வாசித்துவிட்டு, அந்தக் காரணம் தீர்ந்துபோயிற்று என்று கண்டால் பயமில்லாமல் நீக்கலாம். எனக்கு எளிமை என்று படுவது இதுதான்.

2022 செப்டம்பரில் மெசான் போஸ்ட்கிரெஸ் களஞ்சியத்துக்குள் சேர்ந்து, 2023 செப்டம்பரில் 16ஆம் பதிப்போடு வெளிவந்தது. அப்போது அத்திட்டத்தில் இருந்த பில்ட் முறைகள் எத்தனை? இரண்டை ஒன்றாக்கப் புறப்பட்டவர்கள் மூன்றில் போய் நின்றார்கள். இதைக் கண்டு நகைத்தவர்கள் உண்டு. ஒரு புதிய கோப்பைச் சேர்க்கிற நிரலாளர் அந்த ஒரு வருஷம் முழுவதும் மூன்று இடங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பது உண்மையே. ஆனாலும், ஓடிக்கொண்டிருக்கிற ஒரு முறையை ஒரே ராத்திரியில் பெயர்த்தெறிந்துவிட்டு, அதை நம்பியிருந்த பொதியாளர்களையெல்லாம் தெருவில் நிறுத்துவதைக் காட்டிலும், புதியதைப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டி, குறைகள் தீர்ந்தபின் பழையதை எடுப்பதே மரியாதையான வழி. 2024 செப்டம்பரில் வந்த 17ஆம் பதிப்பில் பெர்ல் கத்தை இல்லை.

இதற்கு நடுவில், 2024ஆம் வருஷம் மார்ச் மாதம் 29ந் தேதி, மென்பொருள் உலகையே திடுக்கிடச் செய்த ஒரு செய்தி வெளிவந்தது. எக்ஸ்இஸட் என்ற சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய ஒரு கள்ளவழி ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது என்ற அந்த உண்மையைக் கண்டுபிடித்து வெளியிட்டவர், யாரோ பாதுகாப்பு நிபுணர் அல்ல; போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மெசானைக் கொண்டுவந்த அதே ஆண்ட்ரெஸ் ஃப்ராயுண்ட். போஸ்ட்கிரெஸ்ஸின் வேகத்தை அளப்பதற்காகக் கணினியை அமைதிப்படுத்திக் கொண்டிருந்தவர், எஸ்எஸ்ஹெச் நுழைவு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி அதிகம் எடுக்கிறதே என்று சந்தேகப்பட்டு, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய்க் குற்றத்தின் இருப்பிடத்தை அடைந்தார்.

அந்த இருப்பிடம் எது என்பதுதான் நம் விஷயத்துக்குச் சம்பந்தப்பட்டது. கள்ளவழியைக் கிளப்பிவிடும் முதல் வரிகள் எக்ஸ்இஸட்டின் சி நிரலில் இல்லை. ஆட்டோகான்ஃபுக்கு உதவியாக வருகிற ஓர் எம்4 கோப்பில் இருந்தன. அந்த எம்4 கோப்பும் எல்லாரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகத் தயாரித்த பொதியில் மட்டும் இருந்தது. பரீட்சைக்காக வைத்திருந்த ‘பழுதான’ சுருக்கக் கோப்பு ஒன்றின் எழுத்துகளை மாற்றிப் போட்டு, அதிலிருந்து ஒரு ஷெல் நிரலைப் பிறப்பித்து, அதைக் கன்ஃபிகர் ஓடும் நேரத்தில் ஓட்டிவிட்டது. களஞ்சியத்துக்கும் பொதிக்கும் வித்தியாசம் இருப்பதைப் பார்த்து எவருக்கும் சந்தேகம் எழவில்லை. ஏனென்றால் ஆட்டோகான்ஃப் உலகத்தில் அப்படி வித்தியாசம் இருப்பதுதான் சம்பிரதாயம். புரியாத எம்4 வரிகள் நாலு கூடுதலாக இருப்பதும் அங்கே இயல்பு. சதிகாரன் ஒளிந்துகொள்ள இடம் தேடியபோது, மனிதர் எவரும் வாசிக்காத இடம் எது என்பதைச் சரியாகவே கணித்திருக்கிறான்.

இதைக் கொண்டு, பழைய கருவியைவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று எவரும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டாம். எக்ஸ்இஸட்டில் சிமேக் என்ற நவீன முறைக்கான கோப்பும் இருந்தது, அதிலும் அதே கை வேலை செய்திருந்தது. லேண்ட்லாக் என்ற லினக்ஸ் பாதுகாப்பு வசதி கணினியில் உண்டா என்று அறிவதற்கான சிறிய சி நிரலுக்குள், ஒரு வரியில் தனியாக ஒரே ஒரு முற்றுப்புள்ளி. அந்தப் புள்ளியினால் பரீட்சை நிரல் எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. ஆகாததனால் ‘இல்லை’ என்று குறிக்கப்படும். ‘இல்லை’ என்று ஆனதால் பாதுகாப்பு வசதி சேர்க்கப்படாமலே பில்ட் வெற்றிகரமாக முடிந்துவிடும். ஒரு பிழைச் செய்தியும் வராது. 1991ல் மெக்கென்சி கையாண்ட அந்தச் சாமர்த்தியமான யுக்தியின் பலவீனம் இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது: தோல்வியும் இல்லாமையும் அதற்கு ஒன்றே. கேள்வி தவறாகக் கேட்கப்பட்டாலும் ‘இல்லை’ என்ற பதில்தான் கிடைக்கும். அப்படியானால், கேட்காமலே இருக்கக்கூடிய ஒவ்வொரு கேள்வியும் பொய்ப் பதிலுக்கு இடம் கொடாத ஒன்றல்லவா?

இந்தக் காரணத்தினாலேயே, மெசானிடத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. ஆட்டோகான்ஃப் வழியாகக் கட்டும்போது போஸ்ட்கிரெஸ், ரீட்லைன் நூலகமோ ஸிலிப் நூலகமோ இல்லாவிட்டால் அங்கேயே நின்று, ‘இது கிடைக்கவில்லை, வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்’ என்று முகத்துக்கு நேரே கேட்கும். புதிதாக வந்தவர்களுக்கு எரிச்சல்தான், ஆனால் யோக்கியமான நடத்தை. மெசானிலோ அவற்றைப் போன்ற வசதிகளுக்கு ‘தானே பார்த்துக்கொள்’ என்பது இயல்பு நிலை; இருந்தால் சேர்க்கும், இல்லாவிட்டால் முடிவில் அச்சிடும் ஒரு சுருக்கப் பட்டியலில் ‘இல்லை’ என்று காட்டிவிட்டு மேலே போகும். அந்தப் பட்டியலை நிதானமாக வாசிக்கிறவர்கள் எத்தனை பேர்? பொதி செய்கிறவர்கள் எல்லா வசதிகளையும் கட்டாயமாக்கும் விருப்பத்தேர்வைப் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளவும் வேண்டும். ஆனாலும் அடிப்படை நிலை எதுவோ அதுவே பெரும்பாலோருடைய நிலையாகிவிடுகிறது.

பொதிக்கும் களஞ்சியத்துக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தவரை, போஸ்ட்கிரெஸ்காரர்கள் அந்தச் செய்தி வருவதற்கு முன்பே சரியான திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். பைசன், ஃப்ளெக்ஸ் என்ற கருவிகள் உற்பத்தி செய்த சி கோப்புகளை, மூலநிரலைத் தரவிறக்கிக் கட்டுகிறவர்களின் வசதிக்காகப் பொதிக்குள் வைத்தனுப்பும் பழைய வழக்கத்தை 17ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டார்கள். களஞ்சியத்தில் உள்ளது எதுவோ அதுவே பொதியில் இருக்கும். கட்டுகிறவர் அந்தக் கருவிகளையும் தாமே வைத்துக்கொள்ளவேண்டும். கட்டுகிறவருக்குச் சற்றுச் சிரமம் கூடியது; சரிபார்க்கிறவருக்கு இரண்டையும் ஒப்பிட்டு, மிச்சமாக இருப்பது ஏன் என்று விசாரிக்கும் வேலை குறைந்தது. இந்தப் பேரத்தை நான் ஆதரிக்கிறேன்.

மேக்கும் அதனோடு ஆட்டோகான்ஃபும் மட்டும் இன்னும் போகவில்லை. அவை போகாததற்குப் பழைமைப் பற்றுக் காரணமல்ல. போஸ்ட்கிரெஸ்ஸுக்கு வெளியே உள்ள நீட்சிகளை எழுதுகிறவர்கள் ‘பிஜிஎக்ஸ்எஸ்’ என்ற ஏற்பாட்டை நம்பியிருக்கிறார்கள். நாலைந்து வரி மேக்ஃபைல் ஒன்று எழுதி, நிறுவப்பட்ட போஸ்ட்கிரெஸ்ஸிடம் அதனுடைய கம்பைலர் எது, கொடிகள் எவை, கோப்புகளை எங்கே வைப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கட்டிவிடலாம். இந்த எளிமை அவர்களுக்கு வாய்த்த எளிமை. உள்ளே இருப்பவர்களுடைய சௌகரியத்துக்காக அதைப் பறிப்பது நியாயமாகாது. ஆகையினால் மெசான் இப்போது என்ன செய்கிறது தெரியுமா? போஸ்ட்கிரெஸ்ஸைத் தன் வழியில் முழுவதும் கட்டி முடித்துவிட்டு, மேக்கே அதைக் கட்டியிருந்தால் எப்படி இருந்திருக்குமோ அதே பாணியில், கம்பைலரின் பெயரும் கொடிகளும் நிரப்பிய ஒரு மேக்ஃபைலையும் தயார் செய்து, நீட்சிக்காரர்களுக்காகக் கூடவே நிறுவி வைக்கிறது.